கேப் போட வேண்டிய பல்லின் மேலேயே பிரிட்ஜையும் கட்டலாமா?

நீலவானம் (தொடக்கப் பதிவு)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படியுங்கள்.

கீழ்த்தாடையில் இடப்பக்கம் முதல் கடைவாய்ப் பல்லை எட்டு மாதத்துக்கு முன்னால் எடுக்க வேண்டியதாகிவிட்டது. நெடுக்காக விரிசல் விட்டு வேர் வரைக்கும் போயிருந்தது. அதற்கு அடுத்து, பின்னால் இருக்கும் இரண்டாவது கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. அதில் ரூட் கெனால் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. மேலே தற்காலிக அடைப்புதான் இருக்கிறது. வலி இல்லையே என்று கேப் போடுவதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

இப்போது டாக்டர் சொல்கிறார்: "பின்பல்லுக்கு எப்படியும் கேப் போட்டாக வேண்டும். முன்னால் இருக்கிற பல்லையும் தேய்த்து, நடுவில் செயற்கைப் பல் வைத்து, மூன்றையும் சேர்த்து ஒரே பிரிட்ஜாகப் போட்டுவிடலாம். இடைவெளியும் அடையும், கேப் வேலையும் முடியும்."

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இடைவெளிக்கு முன்னால் இருக்கும் அந்தப் பல் ஒரு குறையும் இல்லாத பல். அதில் ஒரு சின்ன அடைப்புகூட இதுவரை போட்டதில்லை. அதைப் போய்த் தேய்க்க மனசு ஒப்பவில்லை. இதே நிலையைக் கடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.

மாலைநேரம்

பிரிட்ஜைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தத் தற்காலிக அடைப்பை நாளைக்கே கவனியுங்கள்.

நானும் உங்களைப் போலத்தான் வலி இல்லையே என்று ஐந்து மாதம் விட்டேன். ரூட் கெனால் செய்த பல்லில் நரம்பு கிடையாது, அதனால் உள்ளே ஏதாவது நடந்தாலும் பெரும்பாலும் வலி தெரியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது 'டக்' என்று ஒரு சத்தம். பல் நடுவில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ஈறுக்குள் வரைக்கும் போய்விட்டது. மூன்று முறை போய்ச் செய்துகொண்ட ரூட் கெனால் அத்தனையும் வீண். பல்லையே எடுத்துவிட்டார்கள்.

தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்குத்தான் தாங்கும். ஓரத்தில் கசிய ஆரம்பித்தால் எச்சிலும் கிருமியும் மறுபடி வேர்க்குழாய்க்குள் இறங்கிவிடும். கேப் தயாராக நாளாகும் என்றால், அதுவரை உறுதியான அடைப்பாவது போட்டுத் தரச் சொல்லுங்கள்.

வெண்பல்

பல் மருத்துவம் என் தொழில். உங்கள் வாயைப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் என்ன கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

மாலைநேரம் சொன்னது சரி. அதோடு ஒன்று சேர்க்கிறேன். ரூட் கெனால் செய்த பல் 'காய்ந்துபோய்' மொறுமொறுப்பாகிவிடும், அதனால்தான் உடைகிறது என்று பலரும் நம்புகிறார்கள். பல்லின் பொருள் அவ்வளவாக மாறுவதில்லை. சொத்தையும், உள்ளே போக நாங்கள் போட்ட துளையும் சேர்ந்து பல்லின் உட்கூரையையும் பக்கச் சுவர்களை இணைக்கும் மேடுகளையும் எடுத்துவிடுகின்றன. மிஞ்சுவது தனித்தனியாக நிற்கும் சுவர்கள். மேலிருந்து அழுத்தம் விழும்போது அவை வெளிப்பக்கம் விரிகின்றன. கேப் அந்தச் சுவர்களை வெளியிலிருந்து சுற்றிப் பிடித்து, விரியாமல் காக்கிறது. கடைவாய்ப் பற்களுக்கு நாங்கள் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். முன்வரிசைப் பல்லில் துளை சின்னதாக இருந்து மற்ற பகுதி நன்றாக இருந்தால் வெறும் அடைப்பே போதும். எல்லா ரூட் கெனாலுக்கும் கேப் கட்டாயம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

உங்கள் விஷயத்தில் முக்கியமான கேள்வி இது: சொத்தையை முழுக்க எடுத்த பிறகு, அந்தப் பின்பல்லில் ஈறுக்கு மேலே நல்ல பல் எவ்வளவு உயரம் மிஞ்சியிருக்கிறது? உலக்கைப் பூணை நினைத்துப் பாருங்கள். பூண் மரத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால்தான் உலக்கை பிளக்காது. கேப்பின் விளிம்பும் அப்படித்தான். சுற்றிலும் குறைந்தது 1.5 முதல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்காவது அது சொந்தப் பல்லைப் பிடிக்க வேண்டும். அடைப்புப் பொருளைப் பிடித்தால் அந்தப் பலன் கிடைக்காது.

வேருக்குள் போஸ்ட் என்ற சிறு கம்பி வைத்தால் பல் பலமாகிவிடும் என்பார்கள். அதுவும் தவறு. மேலே கட்டும் அடைப்பு கழலாமல் இருக்க மட்டும்தான் போஸ்ட். வேருக்கு அது பலம் கொடுக்காது. அதற்காக வேரை அதிகம் குடைந்தால் பலம் குறையத்தான் செய்யும்.

ஆலமரம்

என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கிட்டத்தட்ட உங்கள் கதைதான். நடுவில் ஒரு பல் இல்லை, இரண்டு பக்கமும் தாங்கு பற்கள், மூன்று பல் பிரிட்ஜ். ஒன்பது வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் வாயில் ஒரு மாதிரி கெட்ட வாடை வருகிறது என்றார். பல் தேய்ப்பது குறைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

உண்மையில் நடந்தது வேறு. பின்பக்கத் தாங்கு பல்லில் சிமென்ட் விட்டுப்போயிருக்கிறது. முன்பக்கத்தில் இறுக்கமாக இருந்ததால் பிரிட்ஜ் கழன்று கையில் வரவில்லை. தனிக் கேப்பாக இருந்திருந்தால் கழன்று விழுந்திருக்கும், அன்றைக்கே ஓடியிருப்போம். இது இடத்திலேயே உட்கார்ந்திருந்ததால் ஒவ்வொரு முறை மெல்லும்போதும் எச்சிலை உள்ளே இழுத்து, உள்ளே இழுத்து, கேப்புக்கு அடியில் இருந்த பல்லை முழுக்கச் சொத்தையாக்கிவிட்டது. பிரிட்ஜை வெட்டி எடுத்தபோது உள்ளே பல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு பல் இல்லாத இடம் இரண்டு பல் இல்லாத இடமாகிவிட்டது.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. கேப் சொத்தையாகாது, ஆனால் அதற்குள் இருக்கும் பல் சொத்தையாகும். இதை யாராவது ஒருவர் எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தால் அம்மா ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டியிருப்பார்.

கரையோரம்

ஆலமரம் அம்மாவின் நிலை வருத்தமாக இருக்கிறது. ஆனால் பிரிட்ஜ் என்றாலே ஆபத்து என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. எனக்குப் பதினேழு வருடமாக ஒரே பிரிட்ஜ். அன்றாடம் அதில்தான் மெல்கிறேன்.

என் பக்கத்துப் பற்கள் இரண்டிலும் ஏற்கெனவே பெரிய பெரிய அடைப்புகள். இரண்டுக்குமே கேப் தேவைப்பட்டது. அதனால் நல்ல பல்லைத் தேய்க்கிறோமே என்ற உறுத்தல் எனக்கு வரவே இல்லை. அறுவை சிகிச்சை கிடையாது, மாதக்கணக்கில் காத்திருக்கவும் இல்லை, சில வாரத்தில் வேலை முடிந்துவிட்டது. இரவில் பிரிட்ஜுக்கு அடியில் நூல் விட்டுச் சுத்தம் செய்யாமல் படுத்ததே இல்லை.

வெண்பல்

கரையோரம் சொன்ன சூழல்தான் பிரிட்ஜுக்கு ஏற்றது. பக்கத்துப் பற்கள் இரண்டும் எப்படியும் கேப் கேட்கும் நிலையில் இருந்தால் நானே முதலில் பிரிட்ஜைத்தான் சொல்வேன்.

சாதாரண பிரிட்ஜ்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 10 ஆண்டு முடிவில் சுமார் 89 சதவீதம் வாயில் இருந்தன. ஆனால் எந்தச் சிக்கலும் வராமல் இருந்தவை சுமார் 71 சதவீதம்தான். கரையோரமும் ஆலமரத்தின் அம்மாவும் இந்தக் கணக்கில் ஆளுக்கொரு பக்கம் இருக்கிறார்கள்.

நீலவானம் பல் விஷயத்தில் எனக்கு இரண்டு யோசனை. முதலாவது, முன்னால் இருக்கும் அந்த நல்ல பல். முழுக் கேப்புக்குத் தேய்க்கும்போது ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் பாதிக்கும் மேல் போய்விடும். எனாமல் திரும்ப வளராது. அந்தப் பல்லின் நரம்பு உயிரோடு இருக்கிறது. தேய்த்த அதிர்ச்சியில் சில பற்களில் சில ஆண்டுகள் கழித்து நரம்பு செத்துப்போகும். அப்போது பிரிட்ஜிலேயே துளை போட்டு ரூட் கெனால் செய்ய வேண்டி வரும்.

இரண்டாவது, பின்னால் இருக்கும் பல். அதற்குக் கேப் போடுவது வேறு, அதை ஒரு பாலத்தின் தூணாக்குவது வேறு. தூணாகிவிட்டால் தன் சுமையோடு, இல்லாத பல்லின் சுமையில் பாதியையும் அதுதான் சுமக்க வேண்டும். ரூட் கெனால் ஆன, சுவர் மெலிந்த பல் தனக்கான கேப்பை நன்றாகத் தாங்கும். பாலத்தின் ஒரு முனையையும் சேர்த்துத் தாங்குமா என்பது மிஞ்சியிருக்கும் சுவரைப் பொறுத்தது. "எப்படியும் கேப் போடப் போகிறோம்" என்ற வாதத்தில் இந்தக் கேள்வி மறைந்துவிடுகிறது.

கணக்குநோட்டு

நான் கட்டுமானப் பொறியாளன். எனக்கு நான்கு பல் பிரிட்ஜ் வேண்டும் என்றபோது இதைத் தேடித் தேடிப் படித்தேன். இரண்டு தூண்களுக்கு நடுவில் கிடக்கும் உத்தரம் எவ்வளவு வளையும் என்பது அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. பல்லுக்கும் அதே கணக்கு. ஒரு பல் இல்லாத இடத்தில் வளைவு 1 என்றால், இரண்டு பல் இல்லாத இடத்தில் 8, மூன்று என்றால் 27. அப்படி வளைந்தால் பீங்கான் தெறிக்கும், இல்லையென்றால் சிமென்ட் விடும். தடிமனைக் கூட்டினால் வளைவு அதே வேகத்தில் குறையும், ஆனால் வாயில் அதற்கு ஏது இடம்?

நீலவானத்துக்கு ஒரு பல்தான் இல்லை என்பதால் உத்தரம் பிரச்சினை இல்லை. தூண்தான் கேள்வி. தாங்கு பற்களின் வேர்ப்பரப்பு, இல்லாத பற்களின் வேர்ப்பரப்புக்குக் குறையக் கூடாது என்று 1926-லிருந்து ஒரு விதி சொல்கிறார்கள். டாக்டர்கள் இப்போதும் அதைப் பார்க்கிறார்களா?

வெண்பல்

ஆன்டே விதி என்பார்கள். இப்போது அதைக் கல்லில் எழுதிய சட்டமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஈறு ஆரோக்கியமாக இருந்தால் அதைவிடக் குறைந்த வேரும் நன்றாகத் தாங்குவதைப் பார்த்துவிட்டோம். ஆனாலும் மனசுக்குள் போட்டுப் பார்க்க நல்ல கணக்கு.

அச்சுமெழுகு

பல் லேபில் கேப், பிரிட்ஜ் செய்வதுதான் இருபது வருடமாக என் வேலை. நோயாளிகளை நான் பார்ப்பதில்லை, அவர்கள் பற்களின் அச்சை மட்டும்தான் பார்க்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது எந்தப் பொருள் நல்லது என்பதுதான். நான் முதலில் பார்ப்பது விளிம்பை. பல்லைத் தேய்த்த இடம் எங்கே முடிகிறது என்று அச்சில் தெளிவான கோடாகத் தெரிய வேண்டும். ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது அளவெடுத்தால் அந்தக் கோடு மங்கிவிடும். கேமராவில் ஸ்கேன் செய்தாலும் இதே கதைதான், கேமராவுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. கோடு தெரியாத இடத்தில் நான் ஊகித்துத்தான் முடிக்க முடியும். ஊகித்த இடத்தில் கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே சந்து விழும், சொத்தை அங்கேதான் ஆரம்பிக்கும். ஈறு வீங்கியிருக்கிறது, இரண்டு வாரம் கழித்து அளவெடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால் எரிச்சல்படாதீர்கள். அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

பொருள் பற்றி. உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றியது நெடுங்காலமாகப் புழங்கி நிரூபித்தது. ஈறு கொஞ்சம் இறங்கினால் விளிம்பில் கறுப்புக் கோடு தெரியும், சில சமயம் பீங்கான் சில்லு தெறிக்கும். மலிவான உலோகக் கலவைகளில் நிக்கல் இருக்கும். கவரிங் நகை, கைக்கடிகாரப் பட்டை பட்டால் தோல் அரிக்கிறவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். லித்தியம் டைசிலிக்கேட் என்ற கண்ணாடிப் பீங்கான் பார்க்க நிஜப் பல் போலவே இருக்கும், முன்பற்களுக்கு எனக்கு மிகவும் பிடித்தது. கடைவாய்ப் பல்லில் பாரம் அதிகம், அங்கே சிர்கோனியா என்ற உறுதியான பீங்கான். முன்பு வந்த சிர்கோனியா சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். இப்போது ஒளி ஊடுருவும் வகைகள் வந்துவிட்டன, ஆனால் ஒளி கூடக் கூட உறுதி கொஞ்சம் குறையும்.

சிர்கோனியாவில் எனக்கு இன்னும் வியப்பான ஒன்று உண்டு. கட்டியாக வரும்போது அது சுண்ணாம்புக்கட்டி போல மென்மையாக இருக்கும். அதில் கேப்பை வேண்டிய அளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பெரிதாகக் கடைந்து எடுப்போம். பிறகு சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடும்போது அது சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து நிற்கும். உலையிலிருந்து எடுத்து அச்சின் மேல் வைத்து, விளிம்பு சுற்றிலும் பொருந்துவதைப் பார்க்கும் நிமிடம் இருபது வருடமாகியும் எனக்குச் சலிக்கவில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல்லைத் தேய்ப்பதற்கு முன்பே பகல் வெளிச்சத்தில் நிறம் பார்க்கச் சொல்லுங்கள். வாயை ரொம்ப நேரம் திறந்து வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துத் தெரியும். அப்போது எடுத்த நிறத்தில் செய்து கொடுத்தால் மறுநாள் கேப் மட்டும் தனியாகப் பளிச்சென்று நிற்கும். பல்லை வெளுக்க வைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரம் விட்டு நிறம் எடுங்கள். கேப் பிறகு வெளுக்காது.

நீலவானம்

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. ஆலமரம், அம்மாவுக்கு நடந்ததைப் படித்ததும் இன்று காலையே போய் அடைப்பை மாற்றிக்கொண்டேன். பழைய அடைப்பின் ஓரத்தில் லேசாகக் கசிவு இருந்ததாம். உள்ளே இறங்கவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். இடைவெளியை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்தால் அதற்கும் பின்பல்லுக்கும் சேர்த்துப் பிரிட்ஜ் போடலாமா? அப்படிச் செய்தால் முன்னால் இருக்கும் நல்ல பல்லைத் தொட வேண்டியதில்லையே என்று தோன்றியது.

வெண்பல்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது பலருக்கும் தோன்றும் யோசனை. கூடியவரை வேண்டாம். இயற்கைப் பல் எலும்பில் நேராக ஒட்டியிருப்பதில்லை. நடுவில் மெல்லிய நார்த்திசு உண்டு, மெல்லும்போது பல் அதில் இம்மியளவு அமுங்கி எழும். இம்பிளான்ட்டுக்கு அந்த நார் கிடையாது. டைட்டானியத்தோடு எலும்பு நேராகவே பிணைந்துவிடும். சுவீடனில் பிரோனமார்க் 1950-களில் கண்டறிந்து, 1965-ல் முதல் நோயாளிக்குப் பயன்படுத்தியது இந்தப் பிணைப்பைத்தான். அசையும் தூணையும் அசையாத தூணையும் ஒரே உத்தரத்தில் கட்டினால் பாரம் சமமாக விழாது. இம்பிளான்ட் வைப்பதானால் அதன் மேல் தனிக் கேப், பின்பல்லுக்குத் தனிக் கேப். சுத்தம் செய்யவும் எளிது, ஒன்று கெட்டால் மற்றதைத் தொட வேண்டாம்.

ஆனால் இம்பிளான்ட்டும் எல்லோருக்கும் பொருந்தாது. எலும்பு போதுமா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும். பல் எடுத்த பிறகு அந்த இடத்தின் எலும்பு குறையும், முதல் ஆறு மாதத்தில்தான் அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், புகைப்பவர்கள், எலும்புத் தேய்வுக்குச் சில வகை மருந்து எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஈறு நோய் இருந்தால் அதைச் சரி செய்யாமல் வைக்கக் கூடாது, இம்பிளான்ட்டைச் சுற்றியும் அதே நோய் வரும்.

இடைவெளியை விட்டுவிடலாமா? கடைசிக் கடைவாய்ப் பல் மட்டும் போயிருந்தால் பல பேரை நானே "விட்டுவிடுங்கள், உங்களுக்கு மெல்லக் கஷ்டம் இல்லையே" என்று அனுப்பியிருக்கிறேன். எல்லா இடைவெளியையும் அடைத்தே தீர வேண்டும் என்ற விதி இல்லை. உங்களுக்குப் போயிருப்பது நடுவில் இருக்கும் முதல் கடைவாய்ப் பல். பின்பல் மெல்ல மெல்ல முன்னோக்கிச் சாயலாம், மேலே எதிரில் இருக்கும் பல் கீழே இறங்கலாம். எல்லோருக்கும் ஆவதில்லை, ஆனால் ஆகிவிட்டால் பிறகு எதை வைக்கவும் இடம் சரிப்படாது. இப்போதே எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சாய்ந்த பல்லில் பிரிட்ஜ் போட, இரண்டு தூணையும் ஒரே திசைக்குக் கொண்டுவர இன்னும் அதிகமாகத் தேய்க்க வேண்டி வரும்.

ஒட்டுப் பிரிட்ஜ் என்று ஒன்று உண்டு, யாரும் இன்னும் சொல்லவில்லை. பக்கத்துப் பல்லின் உட்பக்கத்தில் ஒரு மெல்லிய இறக்கையை ஒட்டி அதில் பல்லைத் தொங்கவிடுவது. முன்பற்களில் மிக நன்றாக உழைக்கும், அதிலும் இரண்டு இறக்கையைவிட ஒரே இறக்கை நீடிக்கிறது. உங்கள் கடைவாய் இடத்துக்கு நான் அதை நம்ப மாட்டேன்.

மாலைநேரம்

கேப் மாட்டியதும் கடி சரியாக இருக்கிறதா என்று நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். மரத்துப்போன வாயோடு எல்லாமே சரியாகத்தான் தோன்றும். மறுநாள் அந்தப் பல்தான் முதலில் தட்டுகிறது என்று பட்டால் 'பழகிவிடும்' என்று இருக்காதீர்கள், திரும்பப் போய்க் குறைத்துக்கொண்டு வாருங்கள். இன்னொரு கேப்பில் நான் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து, எதிர்ப் பல்லும் வலிக்க ஆரம்பித்த பிறகுதான் போனேன். ஐந்து நிமிட வேலை அது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் நைட் கார்ட் கேளுங்கள்.

ஆலமரம்

சுத்தம் பற்றி நானும் சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜில் மூன்று பல்லும் ஒட்டியிருப்பதால் சாதாரண ஃப்ளாஸ் மேலிருந்து இறங்காது. முனை விறைப்பாக இருக்கும் நூலைப் பக்கவாட்டில் நுழைத்து, நடுப்பல்லின் அடியிலும் தாங்கு பற்களின் ஓரத்திலும் இழுக்க வேண்டும். பல்லிடுக்குக் குச்சிப் பிரஷ்ஷும் நல்லது. இரண்டாவது முறை அம்மாவுக்கு நான்தான் கண்ணாடி முன்னால் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தேன். இப்போது என்னைவிட நன்றாகச் செய்கிறார்.

நீலவானம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

நீங்கள் சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். டாக்டர் கோபப்படவில்லை, உட்கார்ந்து எக்ஸ்ரேவைக் காட்டி விளக்கினார். அடைப்பை எடுத்துப் பார்த்ததில் பின்பல்லுக்கு மூன்று பக்கம் நல்ல சுவர், கன்னத்துப் பக்கம் மட்டும் ஈறுக்கு மேல் 1 மில்லிமீட்டர்தான். "தனிக் கேப்புக்கு இது ஓடும், பிரிட்ஜுக்குத் தூணாக்க இனி நானே சொல்ல மாட்டேன்" என்றார். பல் கொஞ்சம்தான் சாய்ந்திருக்கிறதாம்.

அதனால் பின்பல்லுக்குத் தனியாகச் சிர்கோனியா கேப். அளவெடுத்தாகிவிட்டது, ஈறு ஆறட்டும் என்று பத்து நாள் காத்திருந்துதான் எடுத்தார். (அச்சுமெழுகு, உங்களை நினைத்துக்கொண்டேன்.) இடைவெளிக்கு எலும்புப் படம் எடுத்திருக்கிறோம், இம்பிளான்ட்டுக்குப் போதுமான அகலம் இருக்கிறது. கேப் நிலைத்த பிறகு அதைப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். முன்னால் இருக்கும் நல்ல பல்லை யாரும் தொடவில்லை.

இப்போது தற்காலிகக் கேப்போடு இருக்கிறேன். ஃப்ளாஸ் செய்தால் கழன்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. விட்டுவிடட்டுமா?

அச்சுமெழுகு

விடாதீர்கள். நூலை உள்ளே விட்டு, மேலே தூக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். தற்காலிகக் கேப் கழன்றாலும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளாமல் உடனே போய் மாட்டிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பல் கொஞ்சம் நகர்ந்தாலும், இப்போது எங்கோ ஒரு லேபில் உங்களுக்காகக் கடைந்துகொண்டிருக்கும் கேப் உள்ளே இறங்காது.